அளவு

ஃபாரோ தீவில், வாகுர் துறைமுகத்தில் என் கடை.
போரின் மூன்றாம் குளிர்காலம்.
நாற்பத்திரண்டு தீர்ந்துவிட்டது, ஹெய்னி,
நாற்பத்து நான்குதான் இருக்கிறது என்றேன்.
பரவாயில்லை, வளர்ந்துவிடுவேன் என்றான்
பத்தொன்பது வயதில்.

பழைய செய்தித்தாளைக் கசக்கி
பூட்ஸின் நுனியில் திணித்துக் கொடுத்தேன்.
ஏதோ ஒரு நகரம் விழுந்த செய்தி.
பணம், அபெர்தீனில் மீன் இறக்கிவிட்டு
வந்து தருவதாகப் பேச்சு.

கண்ணிவெடி என்றார்கள்.
பின்னால் போன படகு கண்டது
மிதக்கும் மீன்பெட்டிகளை,
ஒரு கம்பளிக் கையுறையை.

தளர்ந்த பூட்ஸ் தண்ணீரில் தானே கழன்றுவிடும்
என்றார் ஒருவர், என்னைத் தேற்ற.
நீர் நிறைந்து கீழே இழுக்கும் என்று
கேட்காமலே சொன்னார் இன்னொருவர்.
இருபது வருடமாய் இரவில்
இருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள்.

அவன் தாய் சுன்னேவா
கடனைத் தீர்க்க வந்தாள். பதினெட்டு குரோனர்.
வாங்கிக்கொண்டேன்.
வேண்டாம் என்றால்
இனி வரமாட்டான் என்று
நானே சொன்னதாகிவிடுமே.

மீதிச் சில்லறையை எண்ணித் தந்தேன்.
வாசல்வரை போனவள் நின்று
அலமாரியைப் பார்த்தாள்.
நாற்பத்திரண்டு
அந்த வாரம்தான் வந்திருந்தது.