இடது நான்கு, வலது ஆறு

என் கால்களுக்கு
ஒரு ஜோடி என்று எந்தக் கடையிலும் கிடையாது.
இரண்டு ஜோடி வாங்க வேண்டும்.
நான்காம் நம்பரில் இடதை எடுத்துக்கொண்டு
ஆறாம் நம்பரில் வலதை எடுத்துக்கொண்டு
மிச்சத்தைக் கோணியில் போட வேண்டும்.
பதினேழு வருஷமாகக் கட்டிலுக்கடியில்
அந்தக் கோணி.
மண் படாத செருப்புகள்,
யாருக்கோ காசு கட்டி வைத்த மாதிரி.

யாருக்கு என்று முதலில் தோன்றியது
பாலாற்றுப் பாலத்தின் மேல்
பஸ் நின்றிருந்தபோது.
கீழே மணலில் பையன்கள் ஸ்டம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள்.
போலியோ எனக்கு மட்டுமா வந்தது?
அது இடது காலாகப் பார்த்தா பிடித்தது?
வலது கால் சூம்பிய ஒருத்தி
இந்தப் பக்கம் எங்கோ
இதே மாதிரி ஒரு கோணியை
உள்ளே தள்ளிக்கொண்டிருப்பாள்.
என் செருப்பெல்லாம் அவளிடம் இருக்கிறது.

பஸ் நகர்ந்தது.
ஏதோ செய்து முடித்தவள் போல
வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.
அப்புறம் ஆறு வருஷம்.

சத்துவாச்சாரியில்
கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
கஜபதி அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் வேலை.
திங்கட்கிழமை விடிந்தால் மனு.
பட்டா மனு, பென்ஷன் மனு,
மாமியார் மேல் ஒன்று,
மருமகள் மேல் அதற்குப் பதில்.
ஊரார் குறையெல்லாம் என் கை வழியாகச்
சூடாக வெளியே வரும்.
என்னுடைய ஒரு காகிதம் மட்டும்
அந்தக் கண்ணாடி மேல் படுக்கவே இல்லை.

வெயில் தணியட்டும் என்றேன்,
வேலூரில் இருந்துகொண்டு.
டைப்பிங் கற்றுக்கொண்டு
அழகாக அடிக்கலாம் என்றேன்.
"ஊருக்கெல்லாம் உன் கால் அளவைச் சொல்லப்போறியா?"
என்றாள் அக்கா சுலோச்சனா.
மற்றதெல்லாம் சாக்கு. இது வலித்தது.
தெம்பு வரும், தெம்பு வரும் என்று
காட்பாடியில் ரயிலுக்குக் காத்திருப்பது போல் இருந்தேன்.
ரயிலுக்காவது
தாமதம் என்று அறிவிப்பார்கள்.

போன மார்ச்சில் மெஷின் ரிப்பேர்.
பிரித்து மாட்டிய மெக்கானிக்,
"டெஸ்டுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க, தடிமனா" என்றான்.
கை தானாக எழுதியது என்று சொன்னால் பொய்.
கை நடுங்கியது. நான்தான் எழுதினேன்:
*பெண்கள் செருப்பு. இடது ஆறு, வலது நான்கு.
புதிது. இலவசம்.
உங்களிடம் மிஞ்சியதை எனக்குத் தரவும்.*
கீழே போன் நம்பர்.
"லேசா கோடு விழுது" என்றான்.
விழட்டும் என்று நாற்பது போட்டேன்.
அண்ணன் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்.

எழுதுவதைவிட ஒட்டுவது கஷ்டம்.
கிரீன் சர்க்கிளில் ஒருவர் பார்த்தார்,
ஒட்டாமலே திரும்பினேன்.
மறுநாள் பழைய பஸ் ஸ்டாண்டில்
மூலம் பௌத்திரம் நோட்டீசுக்குப் பக்கத்தில்
முதல் ஒன்று.
முழங்கை வரை பசை.

போன்கள் வந்தன.
"செருப்பு மட்டுந்தானா?" என்றான் ஒருவன்.
ஆற்காட்டிலிருந்து ஒருவர்
இரண்டு காலும் நன்றாயிருந்தும் கேட்டார், இலவசமாயிற்றே.
பிறகு பதினொரு நாள் ஒன்றுமில்லை.
காதணி விழா போஸ்டர்கள்
என் நாற்பதின் மேல் ஏறிப் படுத்தன.

இன்னொரு நாற்பது போட்டேன்.
இந்த முறை
எந்த மெக்கானிக்கும் கேட்கவில்லை.
குடியாத்தம் பஸ்ஸின் பின் கண்ணாடியில் ஒட்டும்போது
கண்டக்டர் திட்டினார்.
ஒட்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

நேற்று ராத்திரி, குக்கர் மூன்றாவது விசிலில்,
பேரணாம்பட்டிலிருந்து தில்ஷாத்.
பெயர் பிறகுதான் சொன்னாள். முதலில் கேட்டது:
"கருப்பு இருக்குதா? எங்கிட்ட எல்லாம் பிரவுனு."
எத்தனை என்றேன்.
ஒன்பது என்றாள்.
அப்புறம் கொஞ்ச நேரம்
இருவருமே பேசவில்லை.
குக்கர் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.
கோணியைத் தோளில் போட்டால் சாய்கிறேன்,
மடியில் வைத்துக்கொள்ளலாம்.
காலை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க
இதோ நடந்துகொண்டிருக்கிறேன்,
ஒரு கால்
எப்போதும் போல் கொஞ்சம் பின்னால்.