எடைமேடை

செம்பனை ஆலையின் எடைமேடையில்
இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள் நான்.
குலையோடு வரும் லாரியை ஒருமுறை,
கொட்டிவிட்டுத் திரும்பும் லாரியை ஒருமுறை.
முன்னதில் பின்னதைக் கழித்தால்
மிஞ்சுவதுதான் பழம்.
அந்தக் கழித்தலை நம்பித்தான்
என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்,
சுங்கை மெராந்தி சிறுநீரக நோயாளர் துணைச் சங்கத்தில்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு வேன். அதை ஓட்ட அப்பளசாமி.
சைக்கிள் கடை மாடியில் ஒழுகும் ஓர் அறை.
செவ்வாய், வியாழன், சனி
விடியுமுன் நாலேகாலுக்கு
லயம் லயமாய் நின்று
பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு
தெலுக் இந்தானுக்கு
ரத்தம் கழுவப் போகிறோம்.

தேர்தலுக்கு முந்தின மாதம்
ஒரு காசோலை வந்தது,
கதவளவு.
இரண்டு பேர் தூக்கிவந்தார்கள்.
பத்தாயிரம் வெள்ளி.
பதினோரு பேரையும் முன்வரிசையில் உட்காரவைத்து
ஊசி ஏறிய கையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார்
படமெடுக்க வந்தவர்.
வீரம்மா தூக்கவில்லை.
"அதுக்குத் தனியா கொடுங்க தம்பி."

மறுவாரமே தலைவர் விக்னபாலன்
புது டயர், தீபாவளிப் பொட்டலம்,
ஓட்டலில் ஆண்டுக்கூட்டம் என்று பட்டியல் போட்டார்.
நான் கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்:
அட்டை, ஒன்றரைக் கிலோ.
வங்கிக்கு வந்தது, இல்லை.

நல்ல மனிதர்தான்.
பதினான்கு வருஷத் தலைவர்.
யாரிடமும் கேட்கக் கூசாதவர்,
யாரையும் கேட்கக் கூசுகிறவர்.

ஆகஸ்டில், பாலத்துத் திருப்பத்தில்,
கொட்டும் மழையில்
கியர் பெட்டி உடைந்தது.
மூன்று வாடகைக் கார்களுக்கு
என் பையிலிருந்து இருநூற்றுப் பத்து வெள்ளி கொடுத்தேன்.
பிறகு திருப்பி எடுத்துக்கொண்டேன், ரசீதோடு.
தருமம் வேறு, கணக்கு வேறு.

அன்றிரவு கூட்டத்தில் சொன்னேன்:
பத்தாயிரம் தருகிற ஒருவர்
முகம் சுளித்தால் வேன் நின்றுவிடும்.
ஐந்து வெள்ளி தருகிற முந்நூறு வீடு இருந்தால்
முந்நூறும் ஒரே நாளில் கோபித்துக்கொள்ள வேண்டும்.
நம் ஆட்கள்
எதிலும் அவ்வளவு ஒற்றுமையாய் இருந்ததில்லை.
சிரித்தார்கள்.
சிரித்த இருபத்தேழு பேரிடமும்
அங்கேயே வாங்கினேன், நூற்று முப்பத்தைந்து.

பிறகு வாசல் வாசலாக.
தாமான் வீடுகள், டயர் கடை ஆ கியோங்,
இரவுப் பணி முடிந்து தூங்கப்போன நர்ஸ் ஹஸ்னா.
ஒரு வீட்டில் ஐந்துக்குப் பதில் ஒரு சீப்பு வாழைப்பழம்.
அதையும் வரவில் எழுதினேன்.
மிச்சத்தை வைப்புக் கணக்கில் போட்டு
மூன்று கையெழுத்துப் பூட்டு வைத்தேன்.
என் கையெழுத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று
தீர்மானம் கொண்டுவந்தவளும் நானே.

மாவட்ட அலுவலகத்துக்கு ஏழு தடவை.
ஆறு தடவை மனு பேசியது.
ஏழாவதில் வீரம்மா,
பால்வெட்டுக் காலத்து மலாயில்:
"துவான், நாங்க வேன் கேக்கல.
மெசினை இங்கயே வைங்கன்னு கேக்குறோம்.
அம்பது கிலோமீட்டர்.
என் உசிரு வாரத்துக்கு மூணு தடவை
போய்ப்போய் வருது."
அதிகாரி பேனாவைத் திறந்தார்.
அன்று கிடைத்தது அவ்வளவுதான்.

இந்த ஆண்டுக்கூட்டம் மாடி அறையிலேயே.
விக்னபாலன் தானாக எழுந்து
நாற்காலியை வீரம்மா பக்கம் நகர்த்தினார்.
"நான் செத்துட்டா?" என்றாள்.
"அதுக்குத்தானே துணைத்தலைவர்" என்றேன்.
யார் நிற்பது என்று ஒருவரையொருவர் பார்க்கையில்
மெல்லக் கை தூக்கினார் விக்னபாலன்.

அந்தக் கதவளவு அட்டை
இப்போது ஒழுகும் இடத்துக்குக் கீழே
ஆணியடித்துக் கிடக்கிறது.
பிளாஸ்டிக் பூச்சு, நல்ல சரக்கு.
பெருமழையில் பத்தாயிரத்தின் சுழிகள்மேல்
தண்ணீர் சத்தமாய் விழுகிறது.

சேமிப்பு இரண்டரை மாதம் தாங்கும்.
மூன்றாக இன்னும் நாற்பது வீடு வேண்டும்.
ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
நான் தட்டாத கதவுகள் இருக்கின்றன.
நாய்களும் இருக்கின்றன.
ஞாயிற்றுக்கிழமை
குடையை எடுத்துக்கொண்டு போகவேண்டும்.