தொலைந்த பொட்டலங்கள்

வால்பரைசோவில் ஜூலை. சுவரெல்லாம் ஈரம்.
மூன்றாம் மாடியில், ஜன்னலில்லாத அறைக்குள்
செம்புவலையால் ஒரு கூண்டு கட்டினோம்
நானும் யெர்கோவும்.
மூலைக்கு மூலை ஈயப்பற்று,
கதவோரம் செம்பு நாடா.
கைப்பேசியை உள்ளே வைத்துப் பூட்டி
வெளியிலிருந்து அழைத்தான்.
தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது குரல்.
கைதட்டினோம்.
யாரையும் எட்ட முடியவில்லை என்று
அந்த வாரம் அந்த ஊரில் மகிழ்ந்தவர்கள்
நாங்கள் இருவராகத்தான் இருப்போம்.

பின்யோன் ஒரு டெகு.
குன்றுகளில் பகலில் திரியும் இனம்,
வால்நுனியில் குஞ்சம், பேச்செல்லாம் சீட்டி.
அவள் மண்டையோட்டின் மேல்
பல்மருத்துவர் குழைக்கும் சிமென்ட்:
அதுதான் சும்மாடு.
அதன்மேல் நகமளவு ஒரு மின்பலகை,
பொட்டளவு ஒரு பேட்டரி.
சுமை மூன்று கிராம். அவள் எடையில் அறுபதில் ஒரு பங்கு
என்று குழுவுக்கு எழுதினேன். ஒப்புதல் வந்தது.
முடிவுத் தேதியும் அதே தாளில் இருக்கிறது.
அவளுக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

முதல் நாள் முழுக்க
பின்னங்காலால் அதையே சொறிந்தாள்.
இரண்டாம் நாள் மறந்துவிட்டாள்.
அல்லது மறந்துவிட்டாள் என்று
குறிப்பேட்டில் எழுதினேன்.

முடியினும் மெல்லிய முப்பத்திரண்டு கம்பிகள்.
அவள் மூளையிலிருந்து முதலில் கேட்டது
மின்வாரியத்தின் ரீங்காரம், ஐம்பது ஹெர்ட்ஸ்.
மேசைவிளக்கை நடைவழிக்கு நாடுகடத்தினோம்.
பிறகு, இரைச்சலின் அடியில்,
சடக்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
சடக் சடக்.
யெர்கோ மூச்சை அடக்கிக்கொண்டு
என் சட்டைக்கையைப் பிடித்தான்.

கம்பியில்லாமல் வருவது ஓடையாக வராது.
பொட்டலம் பொட்டலமாகத்தான் வரும் மூளை,
ஒவ்வொன்றிலும் எண் எழுதி.
தினமும் ஒன்று பத்துக்கு
எண்கள் தாவத் தொடங்கின.
நாலாயிரத்துப் பதினொன்றுக்குப் பின் நாலாயிரத்து எழுபது.
மூன்று நிமிடம். பிறகு சரியாகிவிடும்.
பின்யோன் அந்த மூன்று நிமிடமும்
எதையோ நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆன்டெனாவை மாற்றினோம். அலைவரிசையை மாற்றினோம்.
துறைமுகத்துக் கப்பல்களைக்கூடத் திட்டினோம்.
கடைசியில் தெரிந்தது:
கடற்காற்றில் நாடா உரிந்து
கதவில் ஒரு பிளவு, விரலும் நுழையாது,
ஆனால் ஒரு சாண் நீளம்.
அலைக்கு அகலம் வேண்டியதில்லை, நீளம் போதும்.
சுவருக்கு அப்பால் காவலர் அறை.
அங்கே மைக்ரோவேவில்
டோன் ரிகோபெர்த்தோவின் மதியப் பொட்டலம்
சுழன்றுகொண்டிருந்தது,
பூசணி போட்டு வேகவைத்த பயறு.

'என் பயறு உங்கள் எலியைக் கெடுத்துவிட்டதா?'
எலி இல்லை, டெகு என்றேன்.
'டெகுவை' என்று திருத்திக்கொண்டார்.
நாடாவை மறுபடி ஒட்டினோம்.
அவரும் தட்டை நகர்த்திக்கொண்டார்,
நாங்கள் கேட்காமலே, கீழ்மாடிக்கு.

ஞாயிறு. பேட்டரி தீர்ந்துவிட்டது.
காற்றைக் குடித்து உயிர்க்கும் வகை,
காதுக்கருவிக்கு விற்பது. கடைகள் அடைப்பு.
அட்டையை உற்றுப் பார்த்த டோன் ரிகோபெர்த்தோ
தன் இடது காதைத் தொட்டார்.
பையிலிருந்து அதே அட்டை. இரண்டு மிச்சம்.
'ஒன்று எனக்கு நாளை திருப்பலிக்கு வேண்டும்' என்றார்.
நாளை திங்கள் என்று நான் சொல்லவில்லை.

தாளை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்து,
பின்யோனின் தலையில் பொருத்தினேன்.
பச்சை விளக்கு. எண்கள் வரிசையாக.
கேட்கிறதா என்றேன். தலையாட்டி மறுத்து
ஒலிபெருக்கியின் காகிதக்கூம்பில்
விரல் வைத்தார்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு சிரித்தார்.
'ஆட்டுக்குட்டிகள்' என்றார்.
இந்த ஊரில் சோளப்பொரிக்கு அதுதான் பெயர்.

குறிப்பேட்டில் அன்றைய வரி:
தொலைந்த பொட்டலங்கள், இரண்டு.
பேட்டரி, கடன்.
பின்யோன் தூங்கவில்லை.