மீதி நூற்றி நாற்பது மீட்டர்

விளாவடி ஒழுங்கையின் முகப்பில் ஒரு பலகை:
கொங்கிறீட் வீதி, 400 மீட்டர், வேலை நிறைவு.
அதன் காலில் யாரோ மாடு கட்டுகிறார்கள்.

நான் தையல் நாடாவால் அளந்தேன்.
நூற்றி எழுபத்து மூன்று நாடா, கொஞ்சம் மிச்சம்.
இருநூற்றி அறுபதில் வீதி நின்றுவிட்டது.
"என்னகா, றோட்டுக்குச் சட்டை தைக்கப்போறியா?"
என்று மதகில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தம்பிலுவிலில் மாரி எங்கள் படலையில்தான் தொடங்கும்.
மகள் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி
பள்ளிக்கூடம் போவாள்.

சபையில் படிவம் முடிந்துவிட்டதாம்.
வெறுந்தாளிலும் கேட்கலாம் என்றேன்.
எதற்கு இதெல்லாம் என்றார்கள்.
காரணம் சொல்லத் தேவையில்லை,
சட்டத்தில் இருக்கிறது என்றேன்.
காரணம் என் கணுக்காலில்
காய்ந்துபோய் ஒட்டிக்கிடந்தது.

முதலில் எழுதியது: எங்கேயடா மிச்ச வீதி?
அதைக் கிழித்துவிட்டு எழுதினேன்:
அளவீட்டுப் புத்தகத்தின் பிரதி.
கொடுப்பனவுச் சீட்டுகளின் பிரதி.
வேலை முடிந்ததென உறுதிப்படுத்தியவர் யார்?
கோபத்தைக் கழித்தால்
மூன்றே வரிதான் மிஞ்சியது.

பதினாலு வேலைநாள்.
நடுவில் போயா, பொங்கல், ஒரு பணிப்பகிஷ்கரிப்பு.
மறுகா ஒரு மேன்முறையீடு,
பதிவுத்தபால் துண்டு மெஷின் லாச்சிக்குள்.

வந்தது ஏழு பக்கம்.
ஆறாம் பக்கத்தில், பயனாளிகள் குழு,
நானூறு மீட்டரும் திருப்தியாக நிறைவேறியது,
கீழே மூன்று ஒப்பம்.
மூன்றாவது:
ந. யோகவதனி, பொருளாளர்.

யோவின் கொம்பை அப்படிச் சுழிப்பவள்
இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

அந்தத் திகதி நினைவிருக்கிறது.
தண்ணித் தாங்கி கொடுத்த நாள்.
வெயில், வரிசை, மடித்த தாள்,
"இதில வைங்க, இதிலயும் ஒண்டு வைங்க."
வைத்தேன்.
தாங்கி இன்னும் குசினிக்குப் பின்னால் நிற்கிறது,
ஐந்நூறு லீற்றர், கூரைத் தண்ணி பிடிக்கிறேன்.
நல்ல தாங்கி.

இரவு முழுக்க அந்த ஆறாம் பக்கத்தை
மெஷின் லைற்றுக்குக் கீழே வைத்திருந்தேன்.
மகள் எழும்பி வந்து கேட்டாள்,
"ஆர் அம்மா களவெடுத்த?"
தெரியாது, படு, என்றேன்.
அவளுக்கு என் கையெழுத்து தெரியும்.
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

விடிய இன்னொரு வெறுந்தாள் எடுத்தேன்.
ஐயா,
குறித்த ஆவணத்தில்
பொருளாளர் ஒப்பமிட்டபோது
மேலே எத்தனை வரி எழுதப்பட்டிருந்தது?
அந்தக் குழுவைக் கூட்டிய கூட்டத்தின் அறிக்கை தருக.

எழுதி முடித்து,
கடைசி வரிக்குக் கீழே கிடந்த வெற்றிடத்தில்
அடிமட்டம் வைத்துக் குறுக்கே கோடு கீறினேன்.
அதற்கும் கீழே, மூலையில்,
யோவின் கொம்பைச் சுழித்து
என் ஒப்பம்.