மூன்று விரல்

படகு கிளம்பும்போது சங்கு ஊதும்.
எங்கள் சனிக்கிழமைகளின் சிக்கல் அதுதான்.

விர்ட்சு துறையிலிருந்து மூஹு தீவுக்கு
இருபத்தேழு நிமிடம்.
என் தம்பி ஹிந்த்ரெக் கடிகாரம் பார்ப்பதில்லை.
நமக்குப் பசி தெரிவதுபோல
அவனுக்கு அது தெரியும்.
இடப்பக்கம், ஜன்னலோரம், நான்காவது இருக்கை.
மற்றவை எல்லாம் வெறும் நாற்காலிகள்.

ஒருமுறை அதில் யாரோ கைப்பை வைத்திருந்தார்கள்.
தரையில் படுத்துவிட்டான்.
பதினான்கு வயது, ஆறடிக்கு நாலு விரற்கடை குறைவு.
அம்மா பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.
பேசவில்லை. பேசினால் கூடும்.
"கண்டித்து வளர்த்திருக்கணும்" என்றார் ஒருவர்
கறுப்பு ரொட்டியை மென்றபடி.
அன்றைக்கு நான் வெறுத்தேன்,
ரொட்டிக்காரரை அல்ல, தம்பியை.
எங்களைத் தியாகிகள் என்கிறார்களே,
அவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

மருத்துவர் தந்த தாளில் ஒரு சொல்: மதியிறுக்கம்.
எனக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது.
இறுக்கம் எங்களுடையது.
வாசல் பூட்டும்போது அம்மாவின் தாடை.
பிறந்தநாள் அழைப்பு வந்தால்
அப்பாவுக்கு வரும் முதுகுவலி.
அவனோ
உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு
வாரை இன்னும் இழு, இன்னும் இழு என்பான்.
கட்டக் கட்ட
முகம் அவிழும்.

கார்களை வரிசையில் நிறுத்துபவர் பெயர் ஐவார்.
என்ன குறை, எத்தனை வருடமாய், பேசுவானா,
ஒன்றும் கேட்டதில்லை.
ஒரு நவம்பரில், சங்கு ஊதுவதற்குச் சற்று முன்
எங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.
கையுறையைக் கழற்றினார்.
மூன்று விரல்.
இரண்டு.
ஒன்று.
ஹிந்த்ரெக் காதைப் பொத்திக்கொண்டான்.
ஊதியது. கிளம்பியது. அவ்வளவுதான்.
அம்மா எழுந்துபோய்ப் பட்டாணி சூப் வாங்கினாள்.
ஐந்து வருடத்தில், படகில்
அவள் சூடாகக் குடித்த முதல் சூப்.

பிறகு கடல் உறைந்தது.
படகு பனிப்பாளத்தை நொறுக்கிக்கொண்டு போகும்போது
எங்களுக்கெல்லாம் பல் கூசும்.
அவன் இரும்புச் சுவரில் கன்னம் வைத்துக் கேட்பான்,
கண்மூடி.
எது இரைச்சல் என்று
யார் எழுதிய சட்டம்?

பிப்ரவரியில் ஐவாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை.
எங்களுக்குச் சொல்லவேண்டும் என்று
யாருக்குத் தோன்றும்?
கார்த்தளத்தில் புதுப் பையன்
அலைபேசியில் குனிந்திருந்தான்.
ஜன்னலுக்கு வெளியே வெறும் வெளிச்சம்.
ஹிந்த்ரெக்கின் தொண்டையில் அந்த ஒலி தொடங்கியது.
எனக்குத் தெரியும், அடுத்தது தரை.
நான் விரல்களைத் தூக்கினேன். செல்லாது.
அது உள்ளே இருக்கும் கை.

கதவை இடித்துக்கொண்டு ஒருவர் வெளியே ஓடினார்,
தொப்பியில்லாமல், கையில் பாதி ரொட்டியோடு.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று
மூன்று காட்டினார்.
இரண்டு காட்டுவதற்குள் சங்கு ஊதிவிட்டது.

தரைதான். அலறல்தான்.
சூப் ஆறிப்போனதுதான்.
அவர் அங்கேயே நின்றார்,
பனிக்காற்றில், இரண்டு விரலை மடக்கத் தெரியாமல்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார்.
மாலுமி அறைக்குப் போய் நேரம் கேட்டு
மணிக்கட்டில் பேனாவால் எழுதியிருந்தார்.
மன்னிப்பு கேட்கவில்லை, நாங்களும் தேடவில்லை.
மூன்று, இரண்டு, ஒன்று.
சரியாகத்தான் செய்தார்.

ஹிந்த்ரெக் காதிலிருந்து கையை எடுத்து
அவரை வெகுநேரம் பார்த்தான்.
"கையுறை" என்றான்.
அன்று முழுக்க அவன் பேசிய ஒரே சொல்.
நான் வெளியே போய்த் தகவலைச் சேர்த்தேன்.

அதற்கடுத்த வாரம்
பனி உருகத் தொடங்கியிருந்தது, நல்ல வெயில்.
ரொட்டிக்காரர் வந்தார்,
விலைச்சீட்டு இன்னும் தொங்கும் கம்பளிக் கையுறையில்,
கழற்றுவதற்காகவே
போட்டுக்கொண்டு.