துரும்பு

உப்புவெளி விடுதியில் ஏழாம் அறை.
உப்பில் வீங்கிய கதவு, இழுத்துத்தான் பூட்டவேணும்.
இத்தாலியக் கிழவர் கட்டிலில்
எழுபத்தெட்டுச் சீட்டை விரித்திருந்தார்.
விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டேன்:
சாத்திரம் சொல்லுவீங்களா?

கேட்டிருக்கக் கூடாது.
குறி கேட்பது முதற் கற்பனைக்கு விரோதம், பாதர் சொன்னவர்.
போனால் நாற்பது நாள் தொழுகை ஏறாது என்ற பரீதா
முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு
என்னோடு கிண்ணியாவுக்கு மை பார்க்க வந்தாள்.
ஐயர் எதுவும் சொல்லவில்லை,
பஞ்சாங்கம் மடியில் இருந்தது.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்:
றெமீசியஸ் உயிரோடு இருக்கிறான்,
தண்ணீருக்குப் பக்கத்தில்.
இந்தத் தீவில்
எது தண்ணீருக்குப் பக்கத்தில் இல்லை?

கிழவர் தலையாட்டினார். விளையாட்டு, அவ்வளவுதான்.
மிலான் பிரபுக்கள் பொன்தகடு ஒட்டி வரைவித்து
சாப்பாட்டுக்குப் பிறகு ஆடினார்களாம்.
துறவிகள் திட்டியதும் சூதென்றுதானாம்.
நாளையை அதனிடம் கேட்கும் புத்தி
முந்நூறு வருடம் கழித்துத்தான் வந்ததாம்.
இந்த இருபத்தொரு படமும் மற்றதை வெட்டும், என்றார்.

அட, துரும்பு.
முந்நூற்றிநாலு ஆடின வீடு எங்கள் வீடு.
ஆடுத்தன், கலாவரை, இஸ்கோப்பன்:
ஒல்லாந்தன் திருமலையில் விட்டுப்போனது
ஒரு கோட்டையும் இந்தச் சொற்களும்.
வீறைக் கையில் ஒளித்துவைத்து
மணலுக்குக் காத்திருப்பான் என் மனிசன்.

பன்னிரண்டாம் சீட்டை எடுத்தேன்.
ஒற்றைக்காலில் தலைகீழாய் ஒருவன்.
பழைய பெயர் என்ன? கைபேசியில் தட்டி நீட்டினார்:
துரோகி.
அவர்கள் ஊரில் அப்படிச் சுவரில் வரைவார்களாம்.

எங்கள் ஊரில் வரைந்ததில்லை.
மின்கம்பம், கழுத்தில் ஓர் அட்டை,
அட்டையில் எழுத்துப்பிழை.
றெமீசியஸின் கழுத்தில் எதுவும் தொங்கவில்லை.
கழுத்தே கிடைக்கவில்லை.

மழை. கரண்ட் போனது.
மெழுகுதிரியோடு சமையற்காரன் பந்துசேன வந்தான்,
பின்னால் காவலாளி அஸ்வர்.
நாலு பேர், மூன்றரை மொழி.
வீறு யார் என்று முதல் சண்டை:
குதிரைக்காரனா, ஏவல் பெடியனா?
குதிரைக்காரன் என்று நான்தான் முடித்துவைத்தேன்.

கடைசிப் பிடி.
என் கையில் மிஞ்சியவன் அவன்,
நிமிர்ந்து நின்றான்.
நான்தான் சீட்டைத் தலைகீழாய்ப் பிடித்திருக்கவேணும்.
தாழ்கிறவள் துரும்பையும் பிடிப்பாள்.
இறக்கினேன்.
பந்துசேனவின் ராசா வெட்டுப்பட்டான்.
எல்லாச் சீட்டையும் என் பக்கம்
வழித்து எடுத்தேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம்.
என்ன சொல்ல?
கேட்கத்தான் போனேன், பாதர்.
ஆடினேன்.
வென்றேன்.