தெரியாது என்றவள்

அரசு மருத்துவமனை வரிசையில்
நெரிஸின் முறை வர நாலு வருடமாம்.
அப்போது அவளுக்குப் பதின்மூன்று.
ஆட்டிசமா, ஏடிஹெச்டியா, இரண்டுமா,
அதுவரை பள்ளிக்கூடம் வைத்த பெயர்தான்:
அடங்காதவள்.

கொதிகலன் மாற்ற எடுத்து வைத்தது
ஆயிரத்து எண்ணூறு பவுண்டு.
ஸ்வான்சீ மழை சன்னலில் வழிய
ஹெய்ல்வென் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

முதல் இடம்:
"இரண்டே மணி நேரம், அன்றைக்கே முடிவு."
ஒன்பது வருடம் கூடவே இருந்தும்
எங்களுக்குப் பிடிபடாதது.

அடுத்த இடத்தில் தவணை உண்டு.
யார் பார்ப்பார்கள் என்றோம்.
"எங்கள் குழு."
குழுவில் யார் யார்?
"அனுபவமுள்ள குழு."

மூன்றாவதில் சளி பிடித்த ஒரு குரல்.
மூன்று தடவை பார்ப்போம்,
வகுப்புக்கும் வந்து உட்காருவோம்,
ஒன்றும் இல்லை என்றும் வரலாம்,
பணம் திரும்ப வராது.
அறிக்கையைப் பள்ளி ஏற்குமா?

"தெரியாதுங்க.
முதலில் அவர்களைக் கேளுங்கள்,
அப்புறம் எங்களுக்குக் கட்டுங்கள்."
சொல்லிவிட்டு மூன்று தும்மல்.

ஹெய்ல்வென் என்னைப் பார்த்தாள்.
நான் கொதிகலனைப் பார்த்தேன்.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள்,
காகிதம் கிழியும்வரை.

தையல் உறுத்துகிறதென்று
காலுறையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு
படியில் உட்கார்ந்திருந்த நெரிஸ் கேட்டாள்:
"அந்த அக்காவுக்கு அங்கே யாராவது
டீ போட்டுக் கொடுப்பாங்களா?"

தெரியாது என்றேன்.
சரி என்றாள்.

காலையில் பள்ளிக்குப் பேச வேண்டும்.
கொதிகலன்
இன்னொரு குளிர்காலம் இருமட்டும்.